ஞாயிற்றுக்கிழமைக்குள் சாமினி ரயிலேற வேண்டும்

ஹரிசன் நாவல் எழுதிக்கொண்டிருந்தான். கொட்டாஞ்சேனையில் இதை யாரும் உத்தியோகமாகக் கணக்கெடுப்பதில்லை. ஆனால் உத்தியோகத்தில் உள்ள சௌகரியமெல்லாம் இதிலும் இருந்தது. காஸ் சிலிண்டர் மாற்றக் கூப்பிட்டால் அவன் நாவல் எழுதிக்கொண்டிருந்தான். செத்தவீட்டில் கதிரை அடுக்கக் கூப்பிட்டாலும் நாவல் எழுதிக்கொண்டிருந்தான். கம்பஸில் கடைசி வருடத்து ஒப்படையை ஏன் இன்னும் தரவில்லை என்று கேட்ட விரிவுரையாளர்கூட, "ஓ, நீர் எழுதுற ஆள் அல்லவா" என்று குரலைத் தாழ்த்தி விட்டுவிட்டார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பா நோபேட்டிடம் யாராவது விசாரித்தால், "கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிக்குது. இன்னும் ஜெட்டிக்கு வரேல்லை" என்பார். சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

இது அவனுடைய முதல் நாவலும் அல்ல. மருதானையில் பிணம் கிடந்த அறைக்குள் ஒரு துப்பறிவாளனை அனுப்பியிருந்தான். அந்த மனிதன் இன்னும் கதவுப்பிடியில் கைவைத்தபடி நிற்கிறான். ஒரு மன்னனைக் குதிரையில் ஏற்றியிருந்தான். குதிரை முன்னங்கால்களைத் தூக்கியதோடு சரி. விண்வெளிக்குப் புறப்பட்ட ஒரு விஞ்ஞானி பட்டியெல்லாம் கட்டிக்கொண்டு, எண்ணத் தொடங்கி, பாதியில் இருக்கிறார். ஹரிசனின் தொடக்கங்களைப் படித்தவர்கள் எல்லாரும் அசந்துபோனார்கள். தொடக்கங்களைத் தவிர வேறொன்றும் படிக்கக் கிடைக்காததால் அவன் பெயர் கெடாமல் இருந்தது.

சாமினியின் கதை மட்டும் தொடக்கத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது. சாமினி வெள்ளவத்தையில் சாரிக்கடை ஒன்றில் வேலை செய்யும் பெண். பிறருக்குச் சாரி விரித்துக் காட்டியே கை சோர்ந்தவள். அண்ணன்மார் இரண்டு பேர், இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒரு நாள் பின்னேரம் அவள் ஒரு பையில் உடுப்பை அடுக்கிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு வந்து கடலைப் பார்த்த மரவாங்கில் உட்கார்ந்தாள். இனி ரயில் வரவேண்டும், அவள் ஏறவேண்டும், நாவல் முடியவேண்டும். இது போன நத்தார்ப் பண்டிகைக்கு முன் நடந்தது.

அன்றிலிருந்து அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

ரயில் வராமல் இல்லை. வந்தது. ஆனால் வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று நடந்துவிடும். ஒருமுறை அவள் வறுத்த கடலை வாங்கப் போயிருந்தாள். ஒருமுறை மழை அடித்து ரயிலே கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொருமுறை அவள் செருப்பு வார் அறுந்தது. ஹரிசன் அந்த வாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினான். எழுதிய பிறகு கொட்டாஞ்சேனை மாடிவீட்டின் ஜன்னலருகே நாடியில் கைவைத்து உட்கார்ந்து, வாங்கில் இருப்பவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் நெற்றியில் உப்புக்காற்று பட்டு முடி பறக்கும். அவன் வெளியே யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ரயில் வந்தால் அவள் போய்விடுவாள்.

தாஸிமுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. கிராண்ட்பாஸ்காரன், அதே கம்பஸில் முகாமைத்துவம், அதாவது மனேஜ்மென்ட், படிப்பவன், ஹரிசனின் ஒரே வாசகன். உலகத்தில் முடியாமல் கிடக்கும் எந்தக் காரியத்தைப் பார்த்தாலும் அவனுக்குக் கை அரிக்கும். ஒரு நாள் கன்ரீனில் பிளேன்டீயை ஊதிக்கொண்டே கேட்டான்.

"மச்சான், ஒனக்கு இலக்கு எண்டு ஒண்டு ஈக்கா?"

"இருக்கு. நாவலை முடிக்கிறது."

"அது இலக்கில்ல, அது ஆச. இலக்குண்டா தேதி ஈக்கணும். எங்கட சேர் அதத்தான் ஒரு செமஸ்டர் முழுக்க படிப்பிச்ச."

"நீ அந்தப் பாடத்தில ஃபெயில் அல்லோ?"

"ஃபெயிலான பாடத்ததான் திருப்பித் திருப்பிப் படிச்சீக்கேன். மத்ததெல்லாம் மறந்து போச்சி."

தாஸிம் முதலில் சின்ன இலக்கு வைத்தான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கென்று ஹரிசனின் போனில் ஏதோ ஒன்றை இறக்கினான். அது தினமும் பின்னேரம் மணியடித்து, எழுதியாகிவிட்டதா என்று கேட்டது. ஹரிசன் கீழ்ப்படிந்தான். ஒரு நாள் கடலின் நிறத்தை எழுதினான். மறுநாள் அதே கடலின் வேறு நிறத்தை எழுதினான். தூரத்தில் ஒரு கப்பல், பக்கத்தில் ஒரு காகம், தண்டவாளத்தில் துணி காயப்போட்ட ஒருத்தி. ஒரு நாளும் தவறவில்லை. போன் அவனைப் பாராட்டித் திரையில் நட்சத்திரங்களைத் தூவியது. மாத முடிவில் நாவல் நன்றாகப் பருத்திருந்தது. சாமினி இருந்த இடத்தில் இருந்தாள்.

தாஸிம் அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுக் கட்டாக்கித் திருப்பிக் கொடுத்தான். பிறகு, "எங்கட ராத்தாட கல்யாணத்த யோசிச்சிப் பாரு" என்றான்.

"ஷஸ்னா ராத்தாடதா? ஏன்?"

"மாப்பிள்ளைக்கு லீவு கெடக்கல்ல. வீட்டுக்கு பெயின்ட் அடிச்சி முடியல்ல. சாரி ப்ளவுஸ் தெச்சி வரல்ல. வாப்பாவும் பெரியப்பாவும் கதக்கிறல்ல. இது முடியாத காரியமுண்டு ஊரே சொன்ன. ஆனா ஹோல் புக் பண்ணி அட்வான்ஸ் கட்டியாச்சி. திரும்ப வராத சல்லி. முடிஞ்சிச்சா இல்லயா?"

"முடிஞ்சுது."

"வாப்பாவும் பெரியப்பாவும்?"

"ஒரே சஹன் தட்டில சாப்பிட்டவை. நானே கண்டனான்."

"அப்ப? ஹோல் புக் பண்ணினா முடியாத காரியமுண்டு கொழும்புல ஒண்டுமில்ல மச்சான்."

இதில் உண்மை இருந்தது. கொழும்பில் நல்ல நாள் பார்ப்பவர்கள் உண்டு, சாதகம் பார்ப்பவர்கள் உண்டு, பாதிரியாரைக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் கடைசியில் எல்லாரும் ஹோல் கிடைக்கும் நாளில்தான் கல்யாணம் கட்டுகிறார்கள். மண்டபம் என்று ஒன்று கிடைத்தபின் அதற்குள் வைக்க வேண்டியதெல்லாம் தானாக வந்துசேர்ந்துவிடும். நாவல் மட்டும் வராதா?

வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடியில் ஒரு ஹோல் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவர் ஒரு தடித்த கொப்பியைப் புரட்டி, யாரோ கைவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காட்டினார். பின்னேரம். ஏசி உண்டு. பிறகு பேனாவை நிறுத்தி, சிங்களத்தில், "மனமாலிட்ட காமரயக் ஓனத மல்லி?" என்று கேட்டார். மணப்பெண்ணுக்கு அறை வேண்டுமா என்பது கேள்வி.

"ஓன அய்யே, ஓன" என்றான் தாஸிம், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

"எதுக்கடா?" என்றான் ஹரிசன் தமிழில்.

"சும்மா தார. சும்மா தாறத்த வாணாண்டு சொல்லுவாங்களா?"

அப்படியாக வெளியீட்டு விழாவுக்குத் தேதி வந்தது. அழைப்பிதழை அடிக்க தாஸிமின் மாமா இப்றாஹிமின் அச்சகம் இருந்தது. கிராண்ட்பாஸில் கல்யாணக் கார்ட் என்றால் இப்றாஹிம் மாமாதான். கிறிஸ்தவம், இந்து, முஸ்லிம், பௌத்தம் எல்லாவற்றுக்கும் அவரிடம் தனித்தனி அச்சு ஒழுங்கு இருந்தது, நாவலுக்குத்தான் இல்லை. "கவலப்படாதீங்க தம்பி, வடிவா செஞ்சி தாரேன்" என்றார். வடிவாகத்தான் செய்தார். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன தந்த நிறக் கார்ட்டுகள், ஓரத்தில் தங்க வேலைப்பாடு, மேலே புடைத்து நிற்கும் இரண்டு மோதிரங்கள். அதன் கீழே:

"கொட்டாஞ்சேனை திரு. நோபேட், திருமதி கொன்ஸ்ரன்ஸ் தம்பதியரின் அன்புப் புதல்வன் ஹரிசனின் 'சாமினி' வெளியீட்டு வைபவத்துக்குத் தாங்கள் குடும்ப சமேதராய் வருகைதந்து சிறப்பிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்."

வெளியீடு என்ற சொல் இருக்கத்தான் செய்தது. ஆனால் கார்ட்டை யார் வாசிக்கிறார்கள்? தேதி, ஹோல், சாப்பாடு இருக்குமா என்பதற்கான அறிகுறி. இந்த மூன்றைத்தான் தேடுவார்கள். மோதிரங்களைக் கண்ட கொட்டாஞ்சேனை மற்றதைத் தானே வாசித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்த அம்மா கொன்ஸ்ரன்ஸ், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் அறை வாசலில் நின்றாள்.

"மகன், கோயில்ல பிலோமினா அன்ரி என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ."

"ஏன் மம்மி?"

"சந்தோசத்திலயாம். பொம்பிளை எந்த இடம் எண்டு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல? வெள்ளவத்தை எண்டிட்டன்."

"மம்மி!"

"நீ சொன்ன கதையில அப்பிடித்தானே? ஃபாதரும் கேட்டவர். மூண்டு ஞாயிறு கோயில்ல பேர் வாசிக்காம எப்பிடிக் கலியாணமாம். நாவல் ஃபாதர் எண்டு சொன்னன். 'நாவலுக்கு ஏன் மோதிரம் போட்டிருக்கு' எண்டார். அதுக்கு நீதான் போய் மறுமொழி சொல்லு."

விளக்கம் சொல்லி வட்ஸ்அப்பில் எல்லாருக்கும் போட்டான். சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் இதில் ஏதோ மறைப்பு இருக்கிறது என்று முடிவு செய்து, முன்னதாகவே அன்பளிப்பை அனுப்பிவைத்தார்கள். அப்பா மட்டும் அந்தக் கார்ட்டை விரலால் தடவிப் பார்த்து, "பேப்பர் நல்ல பேப்பர்" என்றார்.

விழா தன் பாட்டில் வளர்ந்தது. அதற்கு நாவல் தேவைப்படவே இல்லை. வரவேற்புரைக்கு ஒருவர், ஆசியுரைக்கு ஒருவர், வாழ்த்துரைக்கு ஒரு வரிசை, வாழ்த்துரைக்காரர்களை அறிமுகம் செய்ய ஒருவர். ஆய்வுரை செய்ய, பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடமொன்றில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற றேணுகா ரீச்சர் போனிலேயே சம்மதித்தார்.

"பெண் பாத்திரம்தானே?"

"ஓம் ரீச்சர்."

"கஷ்டப்படுறாவா?"

"ஓரளவுக்கு, ரீச்சர்."

"அப்ப சரி. பிரதியை ஆறுதலா அனுப்பும்."

பிரதி போய்ச் சேருமுன்பே ஆய்வுரையின் சுருக்கம் வந்தது. அதன் கடைசி வரி: 'நாவலின் முடிவு வாசகர் நெஞ்சில் நெடுநாள் நிலைத்து நிற்கும்.' ஹரிசன் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். ரீச்சரின் மேல் பொறாமையாக இருந்தது. அவர் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நித்திரையில் அவனுக்கு ஒரு கனவு வரத் தொடங்கியது. கடலோரத் தண்டவாளத்தில் ஒரு ரயில் மெதுவாக, தண்ணீரில் மிதப்பதுபோல் வரும். சத்தமே இருக்காது. ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம்: கதவுப்பிடியைக் கழற்றிக் கையோடு கொண்டுவந்த துப்பறிவாளன், இருக்கைகளுக்கு நடுவில் குதிரையோடு அவதிப்படும் மன்னன், உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் விஞ்ஞானி. எல்லாரும் மரியாதையாகவே கேட்பார்கள்: "தம்பி, நாங்கள் எங்கே இறங்குறது?" அவன் வாயைத் திறக்குமுன் ரயில் நீலத்துக்குள் கரைந்துவிடும். வாங்கில் சாமினி கொட்டாவி விடுவாள். கண்விழித்தால் துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருக்கும், தலையணை உப்புக் கரிக்கும்.

விழாவுக்கு முந்தின வாரம், அச்சகத்தில் எல்லாம் அடித்து முடிந்து கடைசித் தாள் மட்டும் நின்றது. தாஸிம் மோட்டார்சைக்கிளை வீட்டு வாசலில் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தான்.

"வந்திச்சா?"

"இல்லை."

தாஸிம் கட்டிலில் உட்கார்ந்தான். முகாமைத்துவம் படிக்கிறவன் முகத்தில் முதல்முறையாக ஒரு சமரசம் தெரிந்தது.

"மச்சான், கோவிச்சிக்காத. ஒண்டு சொல்லவா? கடசிப் பக்கத்த வெறுமையா வுட்டு பைன்ட் பண்ணுவோம்."

"என்னடா?"

"யோசிச்சிப் பாரு. முதல் பிரதிய ரிப்பன் கட்டிக் குடுக்கிற. அத பெரிய சல்லிக்கு வாங்கின முதலாளி அப்படியே கண்ணாடி அலுமாரில வெப்பார். மத்தவங்க சல்லி என்வலப்ப குடுத்துட்டு புத்தகத்த கக்கத்துல வெச்சிட்டு ரோல்ஸ் திங்கப் போவாங்க. வீட்டுக்குப் போனாலும் முதல் பக்கத்தோட நிப்பாங்க. ஒருத்தனும் கடசிக்கு வரமாட்டான். சத்தியமா. ரீச்சர் சொல்லிட்டாங்களே, முடிவு நல்லமுண்டு. இனி என்ன?"

ஹரிசனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. விழாவும் நடக்கும், சாமினியும் இருப்பாள். அவன் நாவலை முடித்தவனாகவும் ஆகலாம், முடிக்காமலும் இருக்கலாம். உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"சரி" என்றான். தாஸிம் போனதும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினான். அன்று கனவில் ரயிலே வரவில்லை.

எழும்பி, தேத்தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனபோது, அம்மா அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அச்சகத்திலிருந்து வந்த தாள்கள். பருப்புக் குக்கர் எத்தனையோ தரம் கூவிவிட்டிருக்க வேண்டும். தீய்ந்த மணம் வந்தது.

"மம்மி, பருப்பு!"

"நிப்பாட்டிவிடு மகன்." அவள் நிமிரவில்லை. கடைசித் தாளைத் திருப்பிப் பார்த்தாள், மறுபக்கத்தையும் பார்த்தாள். "இதுக்குப் பிறகு?"

"இன்னும் எழுதேல்லை."

"அப்ப அந்தப் பிள்ளை இன்னும் ஸ்டேஷன்லயா இருக்கிறா?"

"ஓம்."

"நத்தாருக்கு முந்தி எழுதினனெண்டு சொன்னாய்."

"ஓம் மம்மி, ஆனா கதைக்குள்ள இன்னும் அதே பின்னேரம்தான்…"

"எனக்கு அது தெரியாது. வந்ததில இருந்து ஒரு கடலையைத் தவிர ஒண்டும் சாப்பிடேல்லை. மழையிலயும் நனைஞ்சவ. செருப்பும் அறுந்துபோச்சு. சுத்திவரக் கடலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய், அவவைப் பற்றி ஒரு வரி இல்லை." அம்மா தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினாள். "ஒண்டில் ரயில்ல ஏத்தி விடு. இல்லாட்டி இங்க கூட்டிக்கொண்டு வா, சோறு குடுப்பன். சும்மா ஒரு குமர்ப்பிள்ளையை ஸ்டேஷன்ல இருத்தி வச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறது நல்ல வேலையே?"

"இங்க வருவாவோ?"

அம்மா உண்மையாகவே யோசித்தாள்.

"வரமாட்டா" என்றாள். "போறதுக்குத்தானே பை கட்டினவ."

பிறகு எழும்பி, தீய்ந்த பருப்பைப் பார்த்து அதற்கும் அவனையே ஏசினாள்.

அன்றிலிருந்து நித்திரை வரவில்லை. அம்மா அந்தத் தாள்களைப் படித்ததை நினைத்து நினைத்து வெட்கப்பட்டான். கடைசிப் பக்கத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான் என்று தாஸிம் சத்தியம் செய்த அதே நாளில், கீழ்வீட்டு வானொலியும் குக்கரும் கூவிக்கொண்டிருக்க, ஒருத்தி வந்து நின்று, தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறாள். எழுத உட்கார்ந்தான். கடல்தான் வந்தது. அழித்தான். சனிக்கிழமையும் போயிற்று. புத்தகங்கள் கடைசிப் பக்கம் வெறுமையாகவே கட்டப்பட்டு வந்தன.

ஞாயிறு மத்தியானம் எல்லாருக்கும் முன்னதாக ஹோலுக்குப் போனான். கதிரை அடுக்கும் சத்தம் தாங்காமல் ஒதுங்க இடம் தேடியபோது கண்ணில் பட்டது மணப்பெண் அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சிறிய அறை. சுவர் நிறையக் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி உருண்டை பல்புகள். முந்தின நாள் கல்யாணத்தின் மிச்சமாக மேசையில் கொண்டையூசிகள், வாடிய மல்லிகை, பாதி தீர்ந்த பவுடர். பல்புகளைப் போட்டதும் அறை மஞ்சளாக, தேனுக்குள் இறங்கியதுபோல் ஆகிவிட்டது. கண்ணாடியில் அவன் இருந்தான். சேர்ட், வாரிய தலை, கையில் தாள். அவனுக்குப் பின்னால், சுவர் இருக்க வேண்டிய இடத்தில், வாங்கில் அவள் இருந்தாள்.

"ஹோல் வடிவா இருக்கு" என்றாள் சாமினி.

"ஓம். ஏசியும் இருக்கு."

"எனக்காகவா இவ்வளவு சனம்?"

"உமக்கும் எனக்கும் கலியாணமெண்டு நினைச்சு வருகினம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் எழுதியதே இல்லை. எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை.

"கடல் அலுத்துப்போச்சு" என்றாள்.

"அலுக்குமா? நான் எவ்வளவு வர்ணிச்சிருக்கிறன்!"

"அதாலதான்."

வெளியே யாரோ மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ என்றார்கள். ஹரிசன் பேனாவின் மூடியைத் திறந்தான்.

"எங்க போகப்போறீர் எண்டு சொன்னால் எழுத லேசா இருக்கும்."

"அதையும் உமக்குச் சொல்ல வேணுமே?" என்றாள். கோபமில்லாமல்தான் கேட்டாள். "அண்ணன்மாரும் அதைத்தான் கேக்கிறவை. நீர் கோச்சியைக் கொண்டுவாரும். மிச்சத்தை நான் பாப்பன்."

அவன் எழுதினான். பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து ரயில் வந்தது. கனவில் வரும் ரயில்போல மிதந்து வரவில்லை. நிலத்தை உலுக்கிக்கொண்டு, பிரேக் கீச்சிட, பின்னேரச் சனத்தால் பிதுங்கி வந்து நின்றது. படியில் நின்றவர்கள் இடம்விட மாட்டோம் என்ற முகத்தோடு நின்றார்கள். சாமினி எழுந்தாள். அறுந்த செருப்பைக் கழற்றி வாங்கின் கீழ் விட்டாள்; இதையும் அவன் யோசித்திருக்கவில்லை. வெறுங்காலோடு ஓடிப்போய், யாரோ ஒரு பெரியவரின் தோளை இடித்து, மன்னிப்புக் கேட்காமல் ஏறினாள். கதவோரத்தில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் திரும்பிப் பார்த்துக் கையசைப்பதாக ஒரு வரியை அவன் பலகாலமாக மனதில் வைத்திருந்தான். அழகான வரி. அந்த வரியை எழுதத்தான் இவ்வளவு காலம் அவளை இருத்தி வைத்திருந்தானோ என்றும் தோன்றியது. பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தான். ரயில் நகர்ந்தது. அவள் வெளிச்சம் பட்டுக் கண்ணைச் சுருக்கினாள், முன்னால் பார்த்தாள்.

'சாமினி திரும்பிப் பார்க்கவில்லை' என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்தான்.

கண்ணாடியில் இப்போது அவனும் பின்னால் சுவரும்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு தாஸிம் வந்தான். கழுத்துப்பட்டி கோணலாக இருந்தது. "மச்சான், ஆக்கள் வாராங்க. பிரதம விருந்தினர் கீழ பார்க் பண்ண எடமில்லாம சுத்துறார்…" ஹரிசன் தாளை நீட்டினான். தாஸிம் நின்றபடியே படித்தான். இரண்டாம்முறை படித்தான். தாளை மடிக்காமல் கையில் ஏந்திக்கொண்டு, படிகளில் தடதடவென்று இறங்கி, காலி வீதியில் ஞாயிறும் திறந்திருக்கும் போட்டோகொப்பிக் கடையை நோக்கி ஓடினான்.

அவன் கொண்டுவந்த கட்டு இன்னும் சூடாக இருந்தது. கல்யாணத்துக்கென்று உடுத்தி நேரத்தோடு வந்து, கல்யாணம் இல்லை என்று அறிந்து, ஆனாலும் வந்தது வந்தாயிற்று என்று இருந்த கொட்டாஞ்சேனைப் பெண்கள் பட்டுச் சாரியை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாக நின்று, புத்தகமொன்றுக்கு ஒரு தாளாகச் செருகினார்கள். அம்மா மேற்பார்வை செய்தாள். "ரிப்பன் கட்டினதுக்கும் வையுங்கோ. அவிழ்த்திட்டு வையுங்கோ."

விழா தொடங்கியது. விளக்கேற்றினார்கள், மௌனம் காத்தார்கள், வரவேற்றார்கள், வாழ்த்தினார்கள், வாழ்த்தியவர்களை வாழ்த்தினார்கள். புத்தகம் கைமாறியது. வழமைபோல் எல்லாரும் அதைக் கக்கத்தில் வைத்தார்கள்; அப்போதுதான் தாஸிம் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒட்டாத தாள் கக்கத்தில் நிற்குமா? ஒவ்வொன்றாக வழுகித் தரையில் விழுந்தன. ஏசிக் காற்றுக்குக் கதிரைகளின் கீழே பறந்தன. விழுந்ததைக் குனிந்து எடுத்தார்கள். எடுத்ததை, கையில் இருக்கிறதே என்று வாசித்தார்கள். முன்வரிசையில் முதல் பிரதி வாங்கிய முதலாளி வாசித்தார். நடுவில் ஃபாதர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு நாவலைக் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு ஹோல் முழுக்க ஒரே நேரத்தில் வாசிக்கத் தொடங்கியிருந்தது.

மேடையில் றேணுகா ரீச்சர் ஆய்வுரையின் முடிவுக்கு வந்திருந்தார். "…இறுதியில் சாமினி தன் குடும்பத்தின் அருமையை உணர்ந்து வீடு திரும்பும் அந்தக் கண்ணீர்க் காட்சி…" சபை தலை குனிந்திருப்பதைக் கண்டு குரல் தயங்கியது. தன் பிரதியிலிருந்து நழுவி மேசையில் கிடந்த தாளை அவரும் எடுத்தார். நின்றபடியே கடைசி வரிவரை வாசித்தார்.

"மன்னிக்க வேணும்" என்றார் கடைசியில். "நான் சொன்னது இந்த நாவல் இல்லை." தாளை மேசையில் வைத்தார். "நான் இதை முதல்ல இருந்து வாசிக்க வேணும்." போய் உட்கார்ந்தார். வெள்ளவத்தையில் ஓர் ஆய்வுரை நேரத்துக்கு முன் முடிந்ததற்குச் சபையில் இருந்தவர்கள் சாட்சி.

ஏற்புரைக்கு ஹரிசனைக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன் வந்து நின்றான். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பெயரெல்லாம் மறந்துபோயிற்று. உள்ளே தேடிப் பார்த்தான். வாங்கு வெறுமையாக, கடல் தன் பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. இனி யாராவது காஸ் சிலிண்டர் மாற்றக் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும்.

மூன்றாம் வரிசையில் பிலோமினா அன்ரி எழும்பினாள். மாம்பழ நிறப் பட்டுச் சாரி, கையில் தாள்.

"தம்பி, இந்தப் பிள்ளை எங்க போனவ?"

"தெரியாது அன்ரி."

"தெரியாதோ? நீர்தானே எழுதினது?"

"ஓம் அன்ரி. ஏறும்வரைக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அன்ரி உட்காராமல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் கதிரைகள் லேசாக அதிர்ந்தன. கீழே, ஒழுங்கை முடிகிற இடத்தில், கடலோரமாகத் தெற்கே போகும் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு வந்தது. முதலில் பின்வரிசை திரும்பியது. பிறகு ஃபாதர், அம்மா, அப்பா, மேடையில் றேணுகா ரீச்சர், ஒருவர் பின் ஒருவராகச் சபை முழுவதும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியது. பிலோமினா அன்ரி சாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கே போய்விட்டாள்.

ஹரிசனும் மைக்கை விட்டு விலகிப் பார்த்தான். பின்னேர வெயிலில் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. படிகளில், கதவோரங்களில் சனம் தொங்கிக்கொண்டு போனது. வெகுதூரம் வரைக்கும் பார்த்தான். அதில் ஒருவரையும் அவனுக்குத் தெரியவில்லை.